லயத்து அடுப்பு – 9: கூப்பனில் இல்லாத கடலை

சென்ற வாரம் 1942 இல் நின்றோம். மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கை ஒரே மாதத்தில் தடுமாறியது. பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா மூட்டைகள் மலையேறின. சோற்றைத் தவிர வேறு எதையும் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாத லயத்துக் காம்பராக்களில் ரொட்டி சுடும் வாசம் எழுந்தது. யுத்தம் முடிந்தது, ரொட்டி போகவில்லை.

இந்த வாரம் முப்பது ஆண்டுகளைத் தாண்டி 1973 க்கு வருகிறோம். இடையில் நடந்தவற்றில் மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்: 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1953 இன் ஹர்த்தால், 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த மூன்றும் இந்த வாரக் கதையின் அடியில் கிடக்கின்றன.

கதையின் நாயகன் ஒரு சிறு பருப்பு. கடலை. தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வரி: இங்கே கடலை என்றால் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்குக் கச்சான் என்று பெயர்.

✦

மலையில் விளையாத பயறு

தோட்டங்களுக்கு ஆள் கட்டி வந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. நெல் இல்லாத வருஷத்திலும் அங்கே கொள்ளு இருக்கும், துவரை இருக்கும், மொச்சை இருக்கும். சோறு குறைந்த வீட்டிலும் ஒரு பிடி பயறு வேகும்.

அந்த மக்கள் ஏறி வந்த மலை வேறு மாதிரி. ஹட்டன் நான்காயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. நுவரெலியா ஆறாயிரம் அடியைத் தாண்டியது. பனியும் ஓயாத மழையும். கரிசலிலும் செம்மண்ணிலும் காய்ந்த பயறு இந்த ஈரத்தில் விளையாது. லயத்துக்குப் பின்னால் கிடைத்த சின்னத் துண்டில் போஞ்சி போடலாம், கீரை போடலாம். பச்சையாகப் பறித்துக் கறி வைக்கலாம். காயவைத்துச் சேர்த்து, பஞ்ச காலத்துக்குப் பானையில் வைக்கிற பயறு கிடைக்காது.

தங்கள் பயற்றைத் தாங்களே விளைத்துத் தின்ற மக்கள், ஒவ்வொரு மணியையும் கடையில் வாங்க வேண்டியவர்கள் ஆனார்கள். மலையகத்துச் சாப்பாட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் இல்லை என்பேன். நாம் அரிசியைப் பற்றியே பேசிப் பேசி இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

அரிசிக்குச் சட்டமாவது இருந்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி வகுத்தபோது, புசல் அரிசிக்கு ஒரு குறிப்பிட்ட விலை என்ற கணக்கை வைத்துத்தான் வகுத்தது. அரிசி விலை ஏறினாலும் அந்தக் கணக்கு தொழிலாளியைக் காத்தது. பருப்புக்கும் கடலைக்கும் அப்படி ஒரு காவல் இல்லை. அது கடையோடு நடக்கும் விவகாரம். அந்தக் கடையோ பல தோட்டங்களில் பெரிய கங்காணியுடையது, அல்லது அவருக்கு வேண்டியவருடையது. கடனுக்குக் கிடைக்கும், சம்பளத்தன்று கழியும்.

வெளியார் உள்ளே வர முடியாத உலகம் அது. தொழிற்சங்கத்தை மலைக்குள் கொண்டுவர நினைத்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் போட்டுத்தான் லயங்களுக்குள் நுழைந்தார் என்பதை ஐந்தாம் பகுதியில் எழுதியிருந்தேன். தலையில் மூட்டை சுமந்தவனுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்தது. துணியும் வளையலும் அவன் வழியாகத்தான் வந்தன. கடையைத் தாண்டி ஒரு கொறிப்பு வந்தாலும் அவன் வழியாகத்தான்.

✦

ஒரு ராத்திரி ஊறல்

இங்கே கொஞ்சம் நிற்போம். கடலை ஏன்? எத்தனையோ பயறு இருக்க, தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் ஏன் இதுவே வந்து சேர்ந்தது?

உலகம் முழுக்க உழைக்கும் மக்களுக்குக் கைக்குள் அடங்கும் ஒரு பருப்பு உண்டு. மத்தியதரைக் கடலோரத்தில் அது லூபின். இத்தாலியில் லூபினி, போர்த்துக்கலில் திரெமோசு, எகிப்தில் தெர்மிஸ். மஞ்சளாக, தட்டையாக, பெரிய மொச்சை மாதிரி இருக்கும். தோலைக் கிள்ளி அழுத்தினால் பருப்பு வாய்க்குள் குதிக்கும். லிஸ்பனில் பியருக்குத் துணையாக ஒரு கிண்ணத்தில் வைப்பார்கள். கெய்ரோவில் தள்ளுவண்டியில் விற்பார்கள். புரதத்தில் கடலையை மிஞ்சியது. ஆனால் பழைய கசப்பு இனங்களை அப்படியே தின்ன முடியாது. பருப்புக்குள் கசப்பு நஞ்சு இருக்கிறது. ஊறவைத்து, வேகவைத்து, பிறகு நாள்தோறும் தண்ணீரை மாற்றி மாற்றி, கசப்பு முழுக்க இறங்கிய பின்பே உப்புத் தண்ணீரில் போடுவார்கள். இதற்கு நாட்கணக்கில் ஆகும். அண்டீஸ் மலைவாசிகள் தார்வி என்ற தங்கள் லூபினை ஓடும் ஆற்றிலேயே மூட்டையாகக் கட்டி வைப்பதுண்டு.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையோரத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள். பாணையும் பிஸ்கோத்தையும் நம் வாயில் பழக்கினார்கள். லூபின் நம் அடுப்புக்கு வரவில்லை. வந்திருந்தாலும் லயத்தில் தங்கியிருக்காது. நாள்தோறும் தண்ணீர் மாற்றும் சமையலுக்குத் தண்ணீரும் வேண்டும், நேரமும் வேண்டும். பத்துக் காம்பராக்களுக்கு ஒரு பீலி. விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மாலை வரை மலையில் நின்று கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்ணிடம் நேரத்தை யார் கொடுத்தார்கள்?

கடலை அவள் நாளுக்குள் அடங்கியது. ராத்திரி படுக்குமுன் உப்பில்லாத தண்ணீரில் போட்டுவிட்டால் போதும். காலையில் அது இரண்டு மடங்காகப் பருத்திருக்கும். மாலையில் வந்து, ரொட்டிக் கல் சூடேறுவதற்குள் பக்கத்து அடுப்பில் ஏற்றிவிடலாம். மலைக் குளிரில் ஊறல் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில், சூடு விடாத மூலையில் சட்டியை வைப்பார்கள். நகத்தால் அழுத்தினால் தோல் வழுக்கிப் போக வேண்டும், அதுதான் பதம். உப்பைக் கடைசியில் போடுவார்கள். முன்னாலேயே போட்டால் தோல் இறுகிவிடும் என்பது கிழவிகளின் பாடம்.

பிறகு தாளிப்பு. சின்ன வெங்காயம், கிள்ளிய செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. கையில் காசு இருந்தால் தேங்காய்ச் சொட்டு. அவ்வளவுதான். மழையில் நனைந்த உடம்பு அந்த உறைப்புக்கு ஏங்கும். வெறுந்தேத்தண்ணியோடு ஒரு பிடி கடலை என்றால், பெரிய வீட்டு விருந்தும் பக்கத்தில் நிற்காது.

சரஸ்வதி பூசையில் அவலும் கடலையும். மாரியம்மன் திருவிழாவில் கடலை. வருஷத்தில் அந்த நாட்களில் மட்டும் எந்தப் பிள்ளையும் எண்ணிப் பார்க்காமல் தின்றது. சாமிக்குப் படைத்ததில் யார் வீட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு கிடையாது.

மற்ற நாட்களில் எல்லாவற்றுக்கும் கணக்கு. அந்தக் கணக்கு இறுகிய வருஷம் 1973.

✦

கொழும்பில் ஒரு பட்டியல்

1973 இல் உலகச் சந்தை தலைகீழானது. ஒக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அரிசி, கோதுமை விலைகளும் பறந்தன. தேயிலை விலை மட்டும் படுத்தே கிடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசின் கஜானாவில் அந்நியச் செலாவணி இல்லை.

அரசு செய்த வேலை எளிய கணக்கு. எதையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வாங்காமல் இருக்கலாம் என்று பட்டியல் போட்டது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இவற்றின் இறக்குமதி ஏற்கெனவே நெரிக்கப்பட்டிருந்தது. பருப்பு வகைகளும் அரிதாகின. மைசூர்ப் பருப்பு கண்ணில் படாத பொருளானது. அவற்றோடு கடலையும் போனது.

நியாயமாகப் பேசுவோம். அந்தக் கொள்கையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக் கமக்காரர் வாழ்ந்தார்கள். உள்நாட்டில் விளைவதை உண்போம் என்ற கொள்கையில் தப்பும் இல்லை. கையில் ஒரு துண்டு நிலம் உள்ளவனுக்கு அது நல்ல கொள்கை. கிராமத்துக்காரனிடம் வயலோ, பலாமரமோ, வீட்டைச் சுற்றி ஒரு தோட்டமோ இருந்தது. லயத்தில் இருந்தவனுக்குக் கூரையே சொந்தமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழப் பாதி தேயிலையிலிருந்து வந்தது. பருப்பு வாங்கும் அந்நியச் செலாவணியைச் சம்பாதித்த கைகளுக்குத்தான் பருப்பு முதலில் நின்றது.

இந்த முடிவுகள் எடுக்கப்பட்ட மேசையில் அவர்களுக்காகப் பேச யார் இருந்தார்கள்? 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போனார்கள். பிரஜாவுரிமையும் அதன் பின்னே வாக்குரிமையும் பறிக்கப்பட்டன. 1952 தேர்தலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. 1973 இலும் பெரும்பாலான தொழிலாளருக்கு வாக்கு கிடையாது.

அமைச்சரவையில் இருந்தவர்களைப் பாருங்கள். நிதி அமைச்சர் என். எம். பெரேரா. பெருந்தோட்டத் துறை அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. இருவரும் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போராடிய தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானபோது, அந்தப் போராட்டத்தை நடத்தியது அவர்கள் கட்சியின் சங்கம். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர்களும் அவர்களே. தோட்டத்து மக்களை அறியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அறிந்தவர்கள் ஆட்சியில் இருந்தபோதே லயங்கள் பட்டினி கிடந்தன என்பதுதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

✦

பையைத் திற

பங்கீட்டு அரிசி குறைந்தது. மா குறைந்தது. சீனி குறைந்தது. வெளிச்சந்தையில் வாங்கலாம் என்றால் அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை. வீதிகளில் சாவடிகள் முளைத்தன. சிங்களத்தில் அவற்றுக்கு ‘ஹால் பொல்ல’, அதாவது அரிசித் தடி, என்று பெயர். பஸ்ஸை நிறுத்துவார்கள். பையைத் திற என்பார்கள். ஓரிரு கொத்துக்கு மேல் இருந்தால் அரிசி போகும், ஆளும் மாட்டிக்கொள்வார்.

சமவெளியில் நெல் விளைந்தது. மலையில் காசு கொடுத்தாலும் அரிசி இல்லை. நடுவே ஒரு தடி.

தோட்டங்களும் தடுமாறின. 1972 இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. எப்போது எடுத்துக்கொள்வார்களோ என்று தெரியாத தோட்டத்தில் எந்த முதலாளியும் பசளை போடவில்லை, கவாத்து வெட்டவில்லை. வேலை நாள் குறைந்தது. வேலை குறைந்தால் பேர் குறையும், பேர் குறைந்தால் சம்பளம் குறையும். கூப்பன் புத்தகம் கையில் இருந்தும் சாமான் எடுக்கக் காசில்லை என்ற நிலை அப்போது வந்தது.

மக்கள் கிடைத்ததைத் தின்றார்கள். மரவள்ளிக் கிழங்கு, காட்டுக் கீரை, தண்ணீராகக் கரைத்த மாக் கஞ்சி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் ஹட்டனுக்கும் கண்டிக்கும் இறங்கினார்கள். பிச்சை எடுத்தார்கள். தெருவோரம் விழுந்து செத்தவர்களும் உண்டு. 1974 இல் தோட்டப் புறங்களின் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது. குழந்தைகளும் தாய்மாரும் அதில் முன்னே போனார்கள்.

இந்த மரணங்களைச் சோற்றுப் பஞ்சம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது போதாது. மாக் கஞ்சி வயிற்றை நிரப்பும். மரவள்ளி இன்னும் நன்றாக நிரப்பும். மரவள்ளியில் புரதம் அநேகமாக இல்லை. காய்ந்த கடலையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். பால் குடிக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறிய தாய்க்கு அந்த ஒரு பிடி கடலை கொறிப்பாக இருந்ததில்லை, உடம்பைத் தாங்கிய உணவு அது. இறைச்சியும் முட்டையும் எட்டாத வீட்டில் அதன் இடத்தைப் பிடிக்க வேறொன்றும் கிடையாது. பட்டியல் போட்டவர்கள் அதை அத்தியாவசியம் இல்லாத சாமான்களோடு சேர்த்தார்கள். அது பிழை. உயிர்களைக் குடித்த பிழை.

✦

அழுகைக் கோச்சி

பசி ஒப்பந்தத்துக்கு வேலை செய்தது.

1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியா போக வேண்டும், 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போக விரும்பாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டவர்கள் பலர். பாட்டனைப் புதைத்த மலையை விட்டு எப்படிப் போவது என்று இருந்தவர்கள். 1973–74 இன் அடுப்பு அவர்களில் பலருக்குப் பதில் சொல்லிவிட்டது.

ஹட்டனிலும் நானுஓயாவிலும் தலைமன்னார் போகும் கோச்சி, அதாவது ரயில், நின்றது. மேடையில் நின்றவர்களும் அழுதார்கள், ஏறியவர்களும் அழுதார்கள். அழுகைக் கோச்சி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல். அக்கரையில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு கூடலூர், கோத்தகிரி என்று மறுபடியும் தேயிலை மலை.

போனவர்கள் போனார்கள். இருந்தவர்களுக்கு 1975 இல் வெள்ளைக்காரக் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. துரை மாறினார், லயம் மாறவில்லை. கடைத் தட்டில் கடலை இருந்த இடம் காலியாகவே கிடந்தது. சரஸ்வதி பூசைக்கு அவல் மட்டும் படைத்த வருஷங்களை வயதானவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

✦

1977 இல் மூன்று காரியங்கள் நடந்தன. மே 11 அன்று, தோட்ட நிலம் பறிபோகாமல் காக்க நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலைத் தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் நாடாளுமன்றம் போனார். புதிதாக வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது.

பருப்பு திரும்பியது. கடலையும் திரும்பியது. ஆனால் பழைய வழியில் வரவில்லை. கங்காணியின் கடை அப்போது பலமிழந்திருந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைக்கு முன்போல வேலையில்லை. சில ஆண்டுகளுக்குள், உடரட்ட மெனிக்கே கோச்சி நாவலப்பிட்டியைத் தாண்டி மூச்சிரைத்து ஏறும்போது, கூடையைத் தோளில் தொங்கவிட்ட பையன்கள் பெட்டிக்குப் பெட்டி தாவிக் கடலை விற்றார்கள். பழைய கொப்பித் தாளில் சுருட்டிய சுருள், மேலே பொரித்த செத்தல் மிளகாய் ஒன்று.

பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில், எந்த லயத்திலிருந்து, யாருடைய முதலில் அந்தப் பையன்கள் கோச்சி ஏறினார்கள்? தோட்டத்தில் பேர் பதியாமல் வெளியே பிழைக்கலாம் என்ற துணிச்சல் அவர்களுக்கு எப்போது வந்தது?

அதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குமுன் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 1973, 74 ஆம் ஆண்டுகளின் கூப்பன் புத்தகமோ, தோட்டக் கடையின் பற்றுக் கொப்பியோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் எந்தச் சாமான் எந்த மாதத்தோடு நின்றது என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.

(தொடரும்)